பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஆன்லைன்ல ரெடி பண்றீங்களா? அது அப்புறம் எங்க போகுது?

விண்ணப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். போட்டோ 20 கேபியில் இருந்து 50 கேபிக்குள் இருக்கணும், பின்னணி வெள்ளையாக இருக்கணும். ஸ்டூடியோ மூடியாச்சு. கூகுளில் தேடி, முதலில் வரும் 'பாஸ்போர்ட் போட்டோ மேக்கர்' தளத்தில் செல்ஃபியை அப்லோடு செய்கிறோம். ஒரே நிமிஷம், போட்டோ ரெடி. ஆனால் நாம் கொடுத்த செல்ஃபி என்ன ஆனது?

பின்னணியை நீக்குவது, முகத்தை அளவுக்கு வெட்டுவது போன்ற வேலைகள் பல தளங்களில் நம்ம போனில் நடப்பதில்லை. எங்கேயோ இருக்கும் சர்வரில் நடக்கின்றன. பிரிண்ட் வீட்டுக்கு வரணும்னா பெயர், முகவரி, போன் நம்பரும் போகிறது. லொக்கேஷன் ஆன் செய்து எடுத்த படம் என்றால், எடுத்த இடமும் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நேராகப் பார்க்கும் முகம், சீரான வெளிச்சம், கண்ணாடி இல்லை, சிரிப்பு இல்லை. அடையாள அட்டைக்குத் தேவையான இதே படம்தான், முகத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்கும் மிகப் பொருத்தமானது.

அழிச்சிட்டோம்னு சொன்னால் நம்பலாமா?

அமெரிக்காவில் 'எவர்' என்ற போட்டோ சேமிப்பு ஆப் இருந்தது. கணக்கை மூடினால் படங்களை அழித்துவிடுவோம் என்று சொன்னது. ஆனால் அழிக்கவில்லை. பயனர்களின் படங்களை வைத்து முக அடையாளத் தொழில்நுட்பத்தையும் உருவாக்கியது. 2021-ல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம், படங்களை மட்டுமல்ல, அவற்றிலிருந்து உருவான மென்பொருள் மாடல்களையும் அழிக்கச் சொன்னது.

அரசாங்கத்திடம் கொடுத்தால் பத்திரம்னு நினைக்கிறீங்களா? 2019-ல் அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று, பயணிகளின் படங்களை அனுமதியில்லாமல் தன் நெட்வொர்க்குக்கு நகலெடுத்து வைத்தது. அந்த நெட்வொர்க் ஹேக் ஆனது. சிக்கிய படங்கள் சுமார் 1,84,000. நாம் நம்பிக் கொடுப்பது ஒருவரிடம், படம் போய் உட்காருவது வேறொருவரிடம். பிரச்சினையே அங்கேதான்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று நிறுவனம் தெளிவாகச் சொல்லணும். நாம் கேட்டால் அந்த அறிவிப்பைத் தமிழிலும் தரணும். சேவைக்குத் தேவையில்லாத தகவலுக்கு நாம் 'ஓகே' கொடுத்திருந்தாலும் அந்த சம்மதம் செல்லாது. மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்பதை சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. போட்டோவை வெட்டித் தரும் ஆப் கான்டாக்ட் லிஸ்ட் கேட்டாலும் இதே கதைதான்.

வந்த வேலை முடிந்தால், அல்லது நாம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை தகவலை அழிக்கணும். போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தியாவில் உள்ளவர்களுக்கு சேவை தரும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இது பொருந்தும். அவர்களைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்பது வேறு விஷயம்.

ஆனால் இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதாவது 2027 மே மாதம் வரை. அதுவரை கைகொடுக்க வேண்டியது 2011-ம் ஆண்டின் ஐ.டி. விதிகள். அதில் உள்ள 'முக்கியமான தகவல்' பட்டியலில் பயோமெட்ரிக் இருக்கிறது, சாதாரண போட்டோ என்று தனியாக எதுவும் இல்லை.

அப்போ என்ன பண்றது?

அப்லோடு பண்ணும் முன் 'பிரைவசி பாலிசி' பக்கத்தைத் திறங்க. முழுசா படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. படத்தை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை மட்டும் தேடுங்க. '24 மணி நேரத்தில்', '30 நாளில்' என்று நாள் கணக்கு இருந்தால் கேள்வி கேட்கவாவது பிடி இருக்கிறது. 'தேவைப்படும் காலம் வரை' என்று இருந்தால் வேறு தளம் பாருங்க. சேவையை மேம்படுத்தப் படங்களைப் பயன்படுத்துவோம் என்ற வரி இருந்தாலும் யோசிங்க. தொடர்புகொள்ள ஒரு மெயில் முகவரிகூட இல்லாத தளத்திடம் அழிக்கச் சொல்லி எப்படிக் கேட்பீங்க?

பல நேரம் இந்தத் தளங்களே தேவைப்படாது. வெள்ளைச் சுவர் முன் நின்று எடுத்தால் பின்னணியை நீக்கும் வேலையே இல்லை. அளவுக்கு வெட்ட போன் கேலரியில் உள்ள எடிட் வசதி போதும். பாஸ்போர்ட்டுக்கோ, சேவா கேந்திராவிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். 4 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மட்டும்தான் போட்டோ கொண்டுபோகணும்.