நடுவழியில் ஒரு சீராய்வு மனு

சொத்து வழக்கில் சாட்சியை மறுபடி அழைக்க முன்சீப் மறுக்கிறார். உடனே உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு, கூடவே தடை கேட்டு ஒரு மனு. தடை கிடைத்துவிட்டால் கீழே வாய்தாவுக்கு மேல் வாய்தாதான். இந்த இழுத்தடிப்பைத் தடுக்கவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 115ஆம் பிரிவை 1999இல் திருத்தினார்கள். 2002 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. மனுதாரருக்குச் சாதகமாக உத்தரவு வந்திருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்ற நிலை இருந்தால்தான் இனி சீராய்வு. கதவு அடைபட்டதும், கீழ் நீதிமன்றங்களைக் கண்காணிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 227ஆம் பிரிவு என்ற ஜன்னலைத் தேடினார்கள் (வக்கீல்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?). சூர்யதேவ் ராய் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் குறையவில்லை என்றது. ஆனால் அரிதாகவே பயன்படுத்தச் சொன்னது. அந்த 'அரிதாக' என்பதை உயர் நீதிமன்றங்கள் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

தவறான உத்தரவைச் சகித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, தீர்ப்பைப் பாதித்த இடைக்கால உத்தரவின் பிழையை இறுதி மேல்முறையீட்டிலேயே எழுப்பலாம். வழக்கிலேயே வென்றுவிட்டால் அந்தக் குறையே பொருளற்றுப் போகும். பிறகு சரிசெய்யவே முடியாத கேடு வேறு விஷயம்: வக்கீலிடம் சொன்ன ரகசியத்தை வெளியிடச் சொல்லும் உத்தரவை மேல்முறையீடு திருப்பி எடுக்க முடியாது. அங்கே நீதிமன்றம் உடனே தலையிடட்டும். சாட்சியை மறுபடி அழைக்கும் தகராறு அந்த ரகமல்ல.