இரவல் வாளும் இழந்த நிலமும்

சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. அப்பெயர் அரண்மனையால் வந்ததன்று. அங்கு வாழ்ந்த ஆர்மேனிய வணிகரின் இனப்பெயரே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794-இல் வெளிவந்ததும் இச்சென்னையிலேதான். தனிமொழியும், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த தனியெழுத்தும் உடைய அத்தொல்லினம், இன்று ஏறத்தாழ 30 இலக்கம் மக்கள் வாழும் சிறு நாட்டை உடையது. அந்நாட்டின் படைக்கு நேர்ந்த கதை, மண்ணையும் மொழியையும் காக்க விழையும் ஒவ்வோர் இனமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆர்மேனியா படைக்குச் செலவிடாத நாடன்று. 2020-இல் தன் ஆண்டு விளைவு மதிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கைப் படைக்கே ஈந்தது. வயிற்றைக் கட்டி வாள் வாங்கியது. எண்ணெய் வளமுடைய பகைநாடு அசர்பைசானோ அதனினும் மும்மடங்குக்கு மேல் செலவிட்டது. ஆயினும் குறை பணத்தில் மட்டுமோ? அன்று! அவ்வாள் எவர் கையிலிருந்து வந்தது என்பதிலேயே பெருங்குறை இருந்தது.

2011 முதல் 2020 வரை ஆர்மேனியா வெளிநாடுகளில் பெற்ற பெரும் போர்க்கருவிகளுள் நூற்றுக்கு 94 பங்கு உருசியா தந்தவை. அதே உருசியா, அதே பத்தாண்டில், அசர்பைசான் பெற்றவற்றுள்ளும் நூற்றுக்கு 60 பங்கைத் தந்தது! வீட்டுக்காரனுக்குப் பூட்டும் கள்வனுக்குத் திறவுகோலும் விற்பவனைக் காவலன் என்று நம்பியது ஆர்மேனியா.

உதவி என்ற பெயரால் வந்தது யாது? கருவி வாங்க 2015-இல் 20 கோடி தாலர், 2017-இல் 10 கோடி தாலர் உருசியக் கடன். விற்பவனே கடன் கொடுத்து, வாங்கியவனைக் கடன்காரனாகவும் ஆக்கினான். முன்பட்ட கடனுக்காக 2002-இல் இராசுதான் அனல்மின் நிலையத்தையே உருசியாவிற்கு ஈடாகக் கொடுத்த நாடு அது. 2008-இல் இருப்புப்பாதையை நடத்தும் உரிமையும், 2014-இல் எரிவளிக் குழாய்களும் உருசிய நிறுவனங்களின் கைக்குச் சென்றன. கியூம்ரி நகரின் உருசியப் படைத்தளத்திற்கு 2044 வரை இடம் எழுதித் தரப்பட்டது.

இத்தனையும் கொடுத்துப் பெற்ற காவல் எத்தகையது? 2020-இல் 44 நாள் போர் மூண்டது. அதற்குச் சற்று முன் உருசியாவிடம் வாங்கிய நான்கு போர் வானூர்திகளுக்கு ஏவுகணைகளே வாங்கப்படவில்லை என்பதைத் தலைமையமைச்சர் பசினியானே பின்னர் ஒப்புக்கொண்டார். 2022-இல் ஆர்மேனிய மண்ணிலேயே தாக்குதல் நிகழ்ந்தபோது, உருசியா தலைமை தாங்கும் கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு படை விடுக்கவில்லை, பார்வையாளரை விடுத்தது! 2023-இல் மலைக் கராபாக்கு ஒரே நாளில் வீழ, அமைதி காக்க வந்த உருசியப் படை பார்த்து நின்றது. ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட ஆர்மேனியர் தம் ஊர்களை விட்டு வெளியேறினர்.

சிறு நாடு வேறென் செய்யும் என்று வினவுவார் உளர். அசர்பைசான் வென்றதும் பிறர் கருவியால்தானே என்பர். உண்மை, ஆயின் அது உருசியா, துருக்கி, இசுரேல் எனப் பலரிடம் தன் பணத்தால் வாங்கியது, ஒருவன் வாயிலில் மட்டும் காத்து நிற்கவில்லை. ஆர்மேனியாவிற்கும் காலம் இருந்தது. சோவியத்துக் காலத்திலேயே கணிப்பொறி ஆய்வில் பெயர்பெற்ற நகரம் எரெவான். அவ்வறிவு கொண்டு ஆளில்லா வானூர்திகளைப் பெருமளவில் ஆக்கியிருக்கலாகாதோ? 1994-இல் வென்று நின்றபோது, அப்போரில் வீடிழந்த பல இலக்கம் அசர்பைசானியரையும் எண்ணி, அண்டை நாட்டோடு உடன்பாடு கண்டிருக்கலாகாதோ? வென்ற நாளில் தேடாத அமைதியைத் தோற்ற நாளில் தேடுவோன், பிறன் சொல்லும் விலைக்கே அதனைப் பெறுவான்.

2022 முதல் இந்தியக் கருவிகளையும், 2023 முதல் பிரெஞ்சுக் கருவிகளையும் ஆர்மேனியா நாடியது நன்றே. ஆனால் 2025-இல் தன் தென்பகுதி வழியை அமைத்து வளர்க்கும் உரிமையை அமெரிக்காவிற்குத் தர இசைந்ததே, அது நன்றோ? ஒரு குடையை மடித்து மற்றொரு குடைக்கீழ் ஒதுங்குவது விடுதலை ஆகுமா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையைத் தமிழர் அறிவர். வல்லரசின் உதவிக்கு உறவு தெரியாது, ஊதியமே தெரியும்.

தன் கை வலுவே தன் நாட்டின் அரண்! நட்பு அவ்வரணுக்குத் துணையாகலாம், அரணாகவே ஆகாது!