சதுரங்கமும் தலைவிதியும்

சதுரங்கம் முழுக்க முழுக்க மனிதனுடைய புத்தியால் ஆடப்படும் ஆட்டம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். சீட்டாட்டத்திலாவது நல்ல சீட்டு விழுவது, கெட்ட சீட்டு விழுவது என்கின்ற சங்கதி உண்டு. சதுரங்கத்திலோ 64 கட்டங்களும் 32 காய்களும் இருவர் கண்ணெதிரிலும் இருக்கின்றன. மறைபொருள் ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டத்திற்குள்ளும் நம் மக்கள் ஜாதகத்தையும், தலைவிதியையும், பூர்வஜென்ம வாசனையையும் கொண்டுவந்து புகுத்துகிறார்கள் என்றால் நம் மடமைக்கு எல்லை எங்கேதான் இருக்கின்றது?

நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி தமது மகனைப் பந்தயத்திற்கு அனுப்புமுன் ஜோசியரிடம் போனார். "புதன் பலமில்லை" என்று சொல்லிப் பரிகாரத்திற்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பரிகாரம் நடந்தது, பரிசு வரவில்லை. மறுபடியும் போனார். "பிறவியிலேயே அந்த யோகம் இல்லை" என்று பதில் வந்தது. பையன் எழுதி வைத்திருந்த ஆட்டத்தை நாம் வாங்கிப் பார்த்தோம். கையில் ராஜாவும் யானையும் இருக்க, எதிரியின் தனி ராஜாவை மடக்கத் தெரியாமல், ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தைச் சமமாக விட்டிருக்கிறான். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய பாடம் இது! புதனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இனி, "சதுரங்க மூளை சில ஜாதிக்குத்தான் பிறவியில் உண்டு" என்கின்ற புரட்டைப் பார்ப்போம். பஞ்சாப் கிராமத்தில் பிறந்த மீர் சுல்தான்கான், தகப்பனார் கற்றுக்கொடுக்க, சிறுவயது முதல் ஆடிப் பழகியவர். அவர் பழகியது நம் நாட்டு முறை. பிறகு மேல்நாட்டு விதிகளைப் பழகிக்கொண்டு, 1929-ல் இங்கிலாந்து சென்று, அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். உலக சாம்பியனாயிருந்த கபாபிளாங்காவையும் தோற்கடித்தார். எந்த மனுதர்மம் அவருக்கு மூளை பங்கிட்டுக் கொடுத்தது? மேல்ஜாதியாருக்கு முதலில் கிடைத்தது மூளையல்ல தோழர்களே, பள்ளிக்கூடமும், புத்தகமும், ஓய்வு நேரமும், பந்தயத்திற்குப் போக ரயில் சார்ஜுமேயாகும்.

பெண்களுக்கு இந்த ஆட்டம் வராது என்றும் சொல்லி வந்தார்கள். ஹங்கேரி நாட்டு லாஸ்லோ போல்கார் என்பவர், மேதைகள் பிறப்பதில்லை, பயிற்சியால் ஆக்கப்படுகிறார்கள் என்று சொன்னதோடு நில்லாமல், தம் மூன்று பெண்களுக்கும் வீட்டிலேயே சதுரங்கம் கற்பித்துக் காட்டினார். இளையவர் ஜூடித் 1991-ல், 15-வது வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002-ல் மாஸ்கோவில், அன்று உலகில் முதலிடத்திலிருந்த காஸ்பரோவையே தோற்கடித்தார். பெண்ணை அடுப்பங்கரையில் அடைத்துவிட்டு "பெண்புத்தி பின்புத்தி" என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

"அப்படியானால் அந்த ஞாபகசக்தி கடவுள் கொடுத்ததல்லவா?" என்பார்கள். அதையும் சோதித்தாகிவிட்டது. 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர், நிஜ ஆட்டத்தின் நிலையொன்றைச் சில வினாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி வைத்தார். புதியவரால் சில காய்களே வைக்க முடிந்தது. பிறகு காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரும் புதியவரைப்போலவே திணறினார்! கடவுள் கொடுத்த ஞாபகமானால் காய் கலைந்ததும் அது எங்கே ஓடிற்று? அது ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய பழக்கமே தவிர வேறில்லை.

திருவாரூர் ஜில்லா பூவனூரில், சாமியே சதுரங்கமாடி ராஜகுமாரியை ஜெயித்து மணந்தார் என்று ஸ்தலபுராணம் சொல்லுகிறது. அந்த ஆட்டத்தின் ஒரு நகர்த்தலையாவது யாராவது எழுதி வைத்தார்களா? 2024-ல் சிங்கப்பூரில் சென்னை குகேஷ், டிங் லிரனை 7½–6½ என்று வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். 14-வது ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறாக நகர்த்தியதே முடிவுக்குக் காரணம் என்பதை அன்றே உலகம் பரிசோதித்துவிட்டது. அறிவுக்கும் புராணத்திற்கும் உள்ள பேதம் இதுதான்.

நிற்க, நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பெரிய ஆட்டக்காரர்களின் பெயரையும், பட்டத்தையும், தினசரி வெற்றி தோல்வியையும் ஒப்பிப்பதே சதுரங்க ஞானம் என்று நினைக்காதீர்கள். அது காலட்சேபம் கேட்டு மோட்சம் தேடுவது போன்றதே. அவர்கள் ஆட்டத்தைப் பலகையில் வைத்து, அடுத்த நகர்த்தலை மூடிக்கொண்டு, நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆட்டத்தை எழுதி வையுங்கள். தோற்ற ஆட்டத்தை முதலில் எடுங்கள். தவறு எங்கே என்று சொந்த புத்தியால் தேடிய பிறகு இயந்திரத்தைக் கேளுங்கள். இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் அது கிடைக்கின்றது. இயந்திரம் சொன்னதையும் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொண்டால், அதுவும் ஒரு வேதவாக்கு ஆகிவிடும். முடிவாட்டங்களை அலுக்காமல் பழகுங்கள்.

ஆகவே, பெற்றோர்களே! பரிகாரத்திற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பலகையும் ஒரு புத்தகமும் வாங்குங்கள். ஆண் பிள்ளைக்கு மாத்திரமல்ல, பெண் பிள்ளைக்கும் கொடுங்கள். ஊர்தோறும் நம் வாசகசாலையில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே பலகையின் முன் உட்காரட்டும். அங்கே தோற்றவன் எழுந்து கிரகத்தைத் திட்டமாட்டான். தன் தவறைத் தேடுவான். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், ஜோசியனுக்கும் புரோகிதனுக்கும் அவன் வீட்டு வாசலில் என்ன வேலை?