அப்பாவின் யாஷிகா இன்னும் வேலை செய்யும். ஃபிலிமுக்கு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், வஞ்சிரத்துக்கு விலை பேசுகிறவர்களுக்கு நடுவே கேமராவோடு நிற்கும் இளைஞர்களையும் பார்க்கலாம். அவர்களில் சிலர் ஒரு படம் எடுத்துவிட்டு, கட்டைவிரலால் லீவரைத் தள்ளி, அடுத்த படத்துக்குக் காத்திருப்பார்கள். பின்பக்கத்தில் திரை இல்லை. எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. பத்து வருடங்களுக்கு முன்பு பழைய இரும்புக் கடை எடைக்குப் போன ஃபிலிம் கேமராவை இன்று இன்ஸ்டாகிராமில் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இது சென்னையில் மட்டும் நடப்பதில்லை. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் தன் பழைய எம்6 மாடலை 2022-ல் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கியது. பென்டாக்ஸ் 2024 ஜூனில் 'பென்டாக்ஸ் 17' என்ற புத்தம் புதிய ஃபிலிம் கேமராவையே இறக்கியது. பெரிய கம்பெனி ஒன்று சந்தை இல்லாமல் இப்படி இறங்காது.

ஆனால் இந்த மோகத்தில் கேமராவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பிரச்சினை கேமராவில் இல்லை.

கேமரா எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வீட்டுப் பரணிலிருந்து. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இரண்டு பெயர்களை அடிக்கடிக் கேட்கலாம். ஒன்று ஆக்ஃபா கிளிக் 3. 120 ரோலில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் எளிய கேமரா. இன்னொன்று யாஷிகா எம்எஃப்-2. ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை, இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஃபிளாஷ் அடிக்கும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மாமா கொடுத்ததாக இருக்கும். இல்லையென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே உருவான அந்தக் கடை வரிசைதான், வெளிநாட்டுச் சாமான் எளிதில் கிடைக்காத காலத்தில் வட சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம்.

இவற்றில் பல இன்றும் ஓடும். ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதலாக உண்டு: கடல் காற்று. ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அப்படித்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். அதிகமானால் கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிடும்; பிறகு துடைத்துப் பயனில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா லெதர் உறைக்குள் பூட்டி வைத்திருப்பார். அந்த லெதர்தான் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே நல்லது.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று. பின்மூடியின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் வருடங்கள் ஆனால் தார் மாதிரி இளகிவிடும். வெளிச்சம் உள்ளே கசிந்து படம் கெடும். இது சின்ன ரிப்பேர்தான், வீட்டிலேயே மாற்றலாம். ஷட்டர் போனால் கதை வேறு. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகி ஓய்ந்துவருகிறார்கள். உதிரிபாகம் என்பது இன்னொரு செத்த கேமராவிலிருந்து கழற்றுவதுதான்.

ஒரு படத்துக்கு எவ்வளவு செலவு?

36 படம் எடுக்கும் கலர் ரோல் 1,000 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 42 ரூபாய். மாதம் ஒரு ரோல் என்றால் வருடத்துக்கு 18,000 ரூபாய். அதாவது, 3,000 ரூபாய்க்குக் கிடைத்த கேமராவுக்கு ஒரே வருடத்தில் அதைப்போல ஆறு மடங்கு தீனி போட வேண்டும். பென்டாக்ஸ் 17 ஒரு ஃபிரேமைப் பாதியாக்கி, 36 படம் வரும் ரோலில் 72 படம் எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது சும்மா இல்லை.

ஏன் இந்த விலை? ஃபிலிமைச் சின்ன அளவில் தயாரிக்க முடியாது. பிளாஸ்டிக் பட்டையின் மேல் வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டினைப் பல அடுக்குகளாக, முழு இருட்டில், கிலோமீட்டர் கணக்கில் பூச வேண்டும். டிஜிட்டல் வந்த பிறகு உலகம் முழுக்க அந்த ஆலைகள் மூடப்பட்டன. கோடக் 2012 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குப் போய், அடுத்த வருடம் மீண்டது. இன்று கலர் ஃபிலிமுக்கு உலகமே பெரும்பாலும் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் இருக்கும் அந்த ஒரு நிறுவனத்தின் ஆலையைத்தான் நம்பியிருக்கிறது. வெள்ளியோ 2024-லேயே சென்னையில் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டது.

நம்மிடம் ஒரு ஆலை இருந்ததே?

இருந்தது. ஊட்டியில். மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. குளிர்ச்சி, தூசு இல்லாத காற்று, சுத்தமான தண்ணீர் என்று மூன்றுக்காகவும் நீலகிரி தேர்வானது. தொழில்நுட்பம் பிரான்ஸின் போஷே நிறுவனத்திடமிருந்து. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல்களும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடு முழுக்கப் போயின. ஊட்டியில் இந்து நகர் என்று ஓர் ஊரே அந்தப் பெயரில் இருக்கிறது. சென்னை அம்பத்தூரிலும் ஒரு யூனிட் இயங்கியது.

அதைக் கொன்றது டிஜிட்டல் கேமரா என்று பலரும் நினைக்கிறார்கள். வருடக் கணக்கைப் பார்த்தால் அது சரியில்லை. நிறுவனம் நலிந்ததாக அறிவிக்கப்பட்டது 1996-ல். அப்போது டிஜிட்டல் கேமரா யார் கையிலும் இல்லை. அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகக் கடன் வாங்கிப் பெரிய புதுத் திட்டம் போட்டார்கள். 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டு ஃபிலிம் மலிவாக வந்து இறங்கியது. கடனுக்கு வட்டி ஏற ஏற நஷ்டம் மலையானது. மீதமிருந்த தொழிலாளர்களுக்கு 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த இடம் அது.

ஆலை இன்று இருந்திருந்தால் ரோல் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பூச்சு போடத் தெரிந்த கைகள் இங்கேயே இருந்திருக்கும். இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம், அந்தக் கைப்பழக்கத்தை வாங்க முடியாது.

அப்படின்னா, என்னதான் செய்வது?

கறுப்பு வெள்ளையில் தொடங்குவது கைக்கு அடக்கம், வீட்டிலேயே கழுவலாம். டெவலப்பருக்கு வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி. சென்னைக் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் அந்தப் பக்கமே வராது, ஐஸ் வேண்டும். காசிமேட்டுக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையா என்ன! ஆனால் வேலை முடிந்ததும் ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்த வெள்ளி இருக்கும். பழைய லேப்கள் அதைப் பிரித்து எடுத்து விற்றன. வட சென்னைச் சாக்கடைகள் கடைசியில் போய்ச் சேரும் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் ஏற்கெனவே போதுமான அழுக்கு இருக்கிறது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ரோல்கள் பல, சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றியவை. பின்புறம் கறுப்புப் பூச்சு உள்ள வகை என்றால், சொல்லாமல் சாதாரண லேபில் கொடுத்துவிடாதீர்கள்; அவர்களின் கெமிக்கல் முழுவதும் பாழாகும். வெளிநாட்டிலிருந்து யாராவது ரோல் வாங்கி வந்தால் செக்-இன் பெட்டியில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஸ்கேனர் கடுமையானது. கைப்பையில் வைத்து, கையால் பரிசோதிக்கும்படி கேட்பது மேல். துறைமுக வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பது ஃபிலிமுக்கும் பொருந்தும். டெலிட் செய்ய முடியாது என்பதால், பிடித்தால் முழு ரோலும் போகும்.

சேகரிப்பவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று, கேமரா இருந்த அதே பரணில் இருக்கும் நெகட்டிவ். 1970-களில் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அது புகைத்துக்கொண்டிருந்தபோது யாரோ மொட்டை மாடியில் குடும்பத்தை நிறுத்தி எடுத்த படத்தில், பின்னணியில் அந்தப் புகைபோக்கிகள் இருக்கலாம். அதை இனி எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. விலைபோவது கேமராதான்; நெகட்டிவ் உறைகள் பழைய பேப்பரோடு போகின்றன.

உறையைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால், ஃபிலிமின் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். வெள்ளத்தில் நனைந்தவை ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தால் பிய்த்து எடுக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தானாகப் பிரிந்ததும் நிழலில் தொங்கவிட வேண்டும்.

பழைய கேமரா கைக்கு வந்ததும் ஆர்வத்தில் பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். 35 எம்எம் கேமரா என்றால், ரீவைண்ட் செய்யும் சின்னக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. முழுவதும் சுற்றி முடித்த பிறகு திறங்கள்.