திங்கட்கிழமை ‘செஸ்ட் டே’: ஆறு நாள் ஜிம் அட்டவணை ஆபீஸ் போகிறவர்களுக்குச் சரிவருமா?

திங்கட்கிழமை மாலை ஏழு மணி. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஒரு ஜிம்முக்குள் நுழைந்து பாருங்கள். பெஞ்ச் பிரஸ் செய்யும் இடத்தில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். “இன்னும் எத்தனை செட் இருக்கு ப்ரோ?” “மூணு இருக்கு.” பக்கத்திலேயே ஸ்குவாட் ரேக் காலியாக இருக்கும். அதன் கம்பியில் யாரோ துண்டைக் காயப்போட்டிருப்பார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி டிரைசெப்ஸ், சனி கால். சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டிலும் இதுதான், ஜிம் மாஸ்டர் புதுசாகச் சேரும் தம்பிக்குச் சொல்வதும் இதுதான். சனிக்கிழமை பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவதால் கால் மட்டும் எப்போதும் பாக்கி.

இந்த அட்டவணையில் தசை வளரவே வளராது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் விடாமல் வருகிறவருக்கு, எட்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு, சாப்பாட்டை அளந்து சாப்பிடுகிறவருக்கு அது வேலை செய்யும். ஆனால் வேலை முடித்து, டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் போக்கி, வாரம் ஒருமுறையாவது இரவு கிளையன்ட் காலில் மாட்டிக்கொள்கிறவருக்கு இது இரவல் வாங்கிய சட்டை. மூன்றாவது மாதம் ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிட்டு, “நமக்கு டெடிகேஷன் பத்தல” என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் பலர். கோளாறு அவர்களிடம் இருப்பதைவிட அட்டவணையில்தான் அதிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஆறு நாள் அட்டவணைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவறவிடுகிறார். போனது முதுகு. இனி அடுத்த செவ்வாய்தான். முந்தைய செவ்வாயிலிருந்து எண்ணினால் முதுகுக்கு 14 நாள் இடைவெளி. “சரி, புதன்கிழமை முதுகு செய்துவிடலாம்” என்றால் தோள் தள்ளிப்போகும், பைசெப்ஸ் தள்ளிப்போகும், கடைசியில் கால் கழன்றுவிடும்.

இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி செய்கிறவரை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத்தில் 12 நாள். அதில் 4 நாள் அவரும் தவறவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 8 நாள். எல்லாத் தசைக்கும் 8 முறை வேலை கிடைத்திருக்கும். ஆறு நாள்காரர் 24-ல் 4 தவறவிட்டு 20 நாள் ஜிம்முக்கு வந்திருந்தாலும், ஒவ்வொரு தசைக்கும் சராசரியாக 3 முறைதான். கொஞ்சம் அதிகம் இருக்கலாம், அவ்வளவுதான்.

மொத்த செட் கணக்கில் ஆறு நாள்காரர்தான் முன்னால் இருப்பார், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே மாலையில் நெஞ்சுக்கு 15 செட் போடும்போது, கடைசி ஐந்தாறு செட்டில் தூக்குகிற எடையும் குறையும், முறையும் கெடும். அந்த செட்டெல்லாம் கணக்கில் வரும், வளர்ச்சியில் அந்த அளவுக்கு வராது.

தசை வளர்வது எப்போது?

ஜிம்மில் இல்லை. அங்கே நடப்பது தூண்டுதல் மட்டும். எடையைத் தூக்கும்போது தசை நார்களில் உண்டாகும் இழுவிசைதான் முக்கியமான சமிக்ஞை. அதற்குப் பிறகு உடம்பு புதிய புரதத்தைக் கட்டி நார்களைத் தடிமனாக்குகிறது. கனடா ஆய்வாளர்கள் 1995-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. கடுமையான பைசெப்ஸ் பயிற்சி செய்த இளைஞர்களின் தசையில், 24 மணி நேரம் கழித்துப் புரதம் உருவாகும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. 36 மணி நேரத்தில் கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இது இரண்டு நாள்வரை கொஞ்சம் நீடிக்கலாம்.

அப்படியானால் திங்கள் மாலை தூண்டிய நெஞ்சு, புதன்கிழமையோடு கட்டுமான வேலையை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு? கொத்தனார் வந்து உட்கார்ந்திருக்கிறார், செங்கல் வரவில்லை என்கிற கதைதான்.

உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2016-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசைக்கு வாரம் ஒருமுறை என்பதைவிட இரண்டு முறை பயிற்சி கொடுப்பது நல்ல பலன் தருவதாகச் சொன்னார்கள். 2019-ல் இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முடிவு சற்று மாறியது: வாரத்தின் மொத்த செட் சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. யூடியூபில் சண்டை போடுகிற இரண்டு தரப்புமே இதில் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆபீஸ் போகிறவருக்கு இதில் இருக்கும் சேதி வேறு. நாள் கணக்கு முக்கியம் இல்லை என்றால், தவறினாலும் குறைந்த நஷ்டம் தரும் அட்டவணையைத் தேர்ந்தெடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

சாம்பியன்கள் ஆறு நாள் செய்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்ல ஜிம்களில் ஆள் குறைவு. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு ஒன்று. ஆரோக்கியமான ஆண்களைப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசி, சிலருக்கு வெறும் போலி ஊசி, பத்து வாரம் கொடுத்தார்கள். போலி ஊசியோடு எடைப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. எந்தப் பயிற்சியும் செய்யாமல் உண்மையான ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ.

ஊசி போட்டவர் சும்மா உட்கார்ந்திருந்தே பயிற்சி செய்தவரை முந்திவிட்டார். இதனால்தான் மேடையில் நிற்கும் உடம்பைப் பார்த்து அட்டவணையைக் காப்பி அடிப்பது ஆபத்து. அவருக்கு ஆறும் புண், அவருக்கு வளரும் தசை எல்லாம் வேறு வேகத்தில் நடக்கலாம். அதே அட்டவணையில் ஆறு மாதம் போராடி ஒன்றும் தெரியவில்லை என்றால், அடுத்து ஒருவர் காதோரம் வந்து “ஒரு சைக்கிள் போட்டுப் பாரு தம்பி” என்பார். இதயம், ஈரல், விந்தணு என்று மூன்றையும் பதம் பார்க்கும் வழி அது. தவறான அட்டவணை தரும் ஏமாற்றம்தான் பலரை அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க வைக்கிறது.

சரி, மூன்று நாளில் என்ன செய்வது?

திங்கள், புதன், வெள்ளி. அல்லது செவ்வாய், வியாழன், சனி. நடுவில் ஒரு நாள் ஓய்வு, அதுதான் விஷயம். ஒவ்வொரு நாளும் ஐந்து அசைவு போதும். உட்கார்ந்து எழுவது: ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ். தள்ளுவது: பெஞ்ச் பிரஸ், டம்பெல் பிரஸ், முடியாதவருக்குத் தண்டால். இழுப்பது: லாட் புல்டவுன் ஒரு நாள், ரோயிங் ஒரு நாள். இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது: ருமேனியன் டெட்லிஃப்ட். கடைசியாகத் தோளோ கையோ, மனசுக்குப் பிடித்த ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப். மொத்தம் 15 செட். வார்ம் அப்போடு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

பைசெப்ஸுக்கென்று தனி நாள் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ரோயிங்கில் கை மடங்காமல் கம்பி வராது. பெஞ்ச் பிரஸ்ஸில் டிரைசெப்ஸ் இல்லாமல் கை நீளாது. அவை ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

‘மூன்று செட், பத்து ரெப்’ என்பதற்குப் பின்னால் சுவையான கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலார்ம், கால் அடிபட்ட வீரர்களுக்கு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கவைத்துக் குணப்படுத்தினார். 1945-ல் அவர் எழுதியபோது ஒரு பயிற்சிக்கு 70 முதல் 100 ரெப் வரை சொன்னார். 1948-ல் அது அதிகம், 20 முதல் 30 போதும் என்று தானே குறைத்துக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்து எண்ணிக்கையைக் குறைத்த டாக்டர் அவர்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், எடையைக் கூட்டுவது. ஒருவர் 30 கிலோவை மூன்று செட்டும் எட்டு ரெப் தூக்குகிறார். அடுத்த முறை ஒன்பது, பிறகு பத்து. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்த பிறகு 32.5 கிலோ போட்டு, மறுபடியும் எட்டிலிருந்து. இதை எழுதி வைக்க போனில் ஒரு நோட் போதும், ஆப் வாங்கத் தேவையில்லை. போன மாதம் எவ்வளவு தூக்கினோம் என்று தெரியாதவர், இந்த மாதம் முன்னேறியிருக்கிறோமா என்று கண்ணாடியைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடி நிறைய பொய் சொல்லும், முதல் இரண்டு மாதம் குறிப்பாக. அந்தக் காலத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது.

ஒவ்வொரு செட்டையும் உயிர் போகும்வரை செய்ய வேண்டியதில்லை. இன்னும் ஒன்றிரண்டு ரெப் முடியும் என்கிற இடத்தில் நிறுத்தினாலே போதிய தூண்டுதல் கிடைத்துவிடும். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் தாராளமாக மூச்சு வாங்கலாம். பெரிய அசைவுகளுக்கு மூன்று நிமிடம். முப்பது நொடியில் அடுத்த செட்டுக்கு ஓடினால் வியர்வைதான் அதிகம் வரும், எடை குறையும்.

ஆறேழு மாதம் இப்படிப் போன பிறகு எடை ஏறுவது நின்றால் நான்கு நாளுக்கு மாறலாம்: இரண்டு நாள் மேல் உடம்பு, இரண்டு நாள் கீழ் உடம்பு. அப்போதும் ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை கிடைக்கிறது. வாரம் ஒரு தசைக்குப் பத்து செட்டைத் தாண்டுவது கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகள் சொல்வதால், அந்த நிலையில் செட்டைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. முதல் மாதத்தில் இல்லை.

வலி வந்தால்தான் வளர்ச்சியா?

“நேத்து செம ஒர்க்கவுட், படி இறங்க முடியல” என்று பெருமையாகச் சொல்வது வழக்கம். பழக்கமில்லாத வேலை செய்தால் ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை வலிக்கும், தோட்டம் கொத்தினாலும் வலிக்கும். வளர்ச்சிக்கு அது அளவுகோல் இல்லை. ஆனால் முதல் நாளே கோச்சிங் என்ற பெயரில் கசக்கிப் பிழிந்த பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் அது விளையாட்டு இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓய்வு என்று சொன்னால் பலரும் புரோட்டீன் டப்பாவைத்தான் நினைக்கிறார்கள். முதலில் தூக்கம். ஒரே ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் விட்டாலே தசைப் புரதம் உருவாவது 18 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு நேராக ஜிம்முக்குப் போகிறவர்கள் தூங்கி எழுந்து மாலை போகலாம்.

அடுத்து சாப்பாடு. சாதாரண இந்தியருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தசை வளர்க்க நினைப்பவருக்கு 1.6 கிராம் வரை பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று போனால் இதில் பாதியைத் தொடுவதே பெரிய விஷயம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலில் 14, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 26, சமைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் 30. இவற்றில் இரண்டு மூன்றைத் தினமும் சேர்த்துக்கொண்டால் பவுடர் வாங்குவது வசதிக்காக மட்டும்தான். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மாஸ்டர்களையே குறை சொல்வதும் நியாயம் இல்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை ஒரே ஆள் இருபது, முப்பது பேரைப் பார்க்கிறார். ஆளுக்கொரு அட்டவணை போட்டு ஸ்குவாட் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் ஏது? “இன்னிக்கு செஸ்ட்” என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டமே நகர்ந்துவிடும். ஆனால் “மாஸ்டர், நான் மூணு நாள்தான் வருவேன், மூணு நாளும் ஃபுல் பாடி பண்றேன், ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் மட்டும் ஃபார்ம் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டால் முகம் சுளிக்கிறவர் குறைவு. அதிலும் காலியாகக் கிடக்கிற ரேக்கில் ஒருவர் நிற்கப் போகிறார் என்றால் அவருக்கும் சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை இரவு ரிலீஸ் வந்து மூன்றாவது நாள் போய்விட்டால் சனிக்கிழமை காலை போகலாம். அந்த நேரத்தில் பெஞ்சும் காலியாகத்தான் இருக்கும்.