பகிரும் கோப்பும் அமானிதமே



கண்டரமாணிக்கம், காரைக்குடி வட்டாரத்துச் செட்டிநாட்டு ஊர்களில் நம் குடும்பங்கள் பல, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிரிந்து வாழ்கின்றன. நிக்காஹ் பதிவுச் சான்று, சொத்துப் பத்திரம், கடவுச்சீட்டின் நகல், வீட்டுப் பெண்களின் திருமணப் படங்கள் ஆகிய அனைத்தும் இன்று கைப்பேசி வழியாகவே போய்வருகின்றன. ஜமாஅத்துகளும் இதற்கு விலக்கல்ல. 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ‘உமீத்’ இணையதளத்தில் வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்ற வேண்டும் என்று விதித்தபோது, பள்ளிவாசல் அலமாரியில் பூட்டிக் கிடந்த பத்திரங்களும் படங்களாக மாறிப் பலர் கைகளுக்குச் சென்றன.

இவற்றைப் பகிரக் கட்டணம் செலுத்தும் மென்பொருளை வாங்குவதா, திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவதா என்ற கேள்வி எழும்போது, நாம் பெரும்பாலும் செலவை மட்டுமே கணக்கிடுகிறோம். மார்க்கம் நம்மிடம் முதலில் கேட்பது வேறு. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பைத்துல்மாலில் உதவி பெறும் ஒரு விதவையின் பெயரும் அமானிதமே. ஆகவே, எவ்வளவு செலவாகும் என்பதற்கு முன், இந்தக் கோப்பின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இலவசம் என்பதற்காக நாம் நம்பியவை எப்படி முடிந்தன என்று பாருங்கள். பயான்களையும் கிராஅத் ஒலிப்பதிவுகளையும் பகிர நம் இளைஞர்கள் ஷேர்இட், ஜெண்டர் செயலிகளையே நாடினர். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் இவ்விரண்டும் இருந்தன. 2021 பிப்ரவரியில், ஷேர்இட்டின் ஆண்ட்ராய்டு செயலியில் உள்ள ஓட்டைகள் வழியாகப் பயனரின் தகவல்களைப் பிறர் திருட முடியும் என்று டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிவித்தும் செயலியின் உரிமையாளர் பதிலளிக்கவில்லை என்றும் அது கூறியது. மூல நிரல் மூடப்பட்டிருந்ததால் வேறு எவரும் அதைத் திருத்த வழியில்லை. விலை கேட்காதது வேறு, திறந்த மூலம் வேறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். லோக்கல்சென்ட் அவ்வகையைச் சேர்ந்தது. ஒரே வைஃபையில் இணைந்த கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் இடையே இணையம் இல்லாமலே கோப்பை அனுப்புகிறது. இடையில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகமும் இல்லை. வீட்டுத் திருமணப் படங்களைப் பகிர இது போதுமானது.

கட்டணத்திற்கும் திறந்த மூலத்திற்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் வைத்திருக்கின்றனர்: பூட்டுடைத்த ‘கிராக்’ பிரதி. அது வழியே அல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. வின்ரார் 40 நாள் சோதனைக்காலம் முடிந்த பின்னும் இயங்கும். இயங்குகிறது என்பது அனுமதி ஆகாது. அதே தேவைக்கு 1999 முதல் 7-ஜிப் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது, ஹலாலான வழியை விட்டுவிட நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

திறந்த மூலமே எல்லாவற்றுக்கும் தீர்வு என்றும் நான் கூறவில்லை. கோப்புகளைக் கருவிகளுக்கிடையே ஒத்திசைக்கும் சிங்திங், நல்ல மென்பொருள். ஆயினும் அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பருடன் நிறுத்தப்பட்டது. தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்பவற்றுக்கு இந்த நிலை வரக்கூடும். நிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் அதை எடுத்துத் தொடர முடிந்தது என்பது ஆறுதல். 2016இல் தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் மூலம் ஜமாஅத் தன் சொந்தச் சேமிப்பகத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை முறையாகப் புதுப்பிக்கவும், மாற்றுப் பிரதி எடுக்கவும் பொறுப்பான ஒருவர் வேண்டும். கற்ற இளைஞர் நிறுவிவிட்டு வேலைக்காகத் துபாய் சென்றுவிட்டால், பூட்டு இருக்கும், திறவுகோல் இருக்காது.

எனவே என் கருத்து இது. பராமரிக்கத் தெரிந்த இருவரேனும் உள்ள மஹல்லா, திறந்த மூலத்தையே தேர்ந்தெடுக்கட்டும். அத்தகையோர் இல்லையெனில், ஷூராவில் பேசி, நேர்மையாகக் கட்டணம் செலுத்தி நம்பகமான சேமிப்பகத்தைப் பெறட்டும். பைத்துல்மால் பெயர்ப்பட்டியல் போன்றவற்றை 7-ஜிப்பில் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பின்னரே அங்கே ஏற்றட்டும். எந்த வழியானாலும் கணக்கு தனிநபர் பெயரில் இல்லாமல் ஜமாஅத்தின் பெயரில் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்துடன் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும்.

இலவசமாகப் பெறுவோருக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் உழைப்பைப் பெற்றுக்கொண்டு மௌனமாக இருப்பது முஸ்லிமின் பண்பன்று. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நன்கொடையாக அனுப்பலாம். ஆங்கிலம் அறிந்த நம் பிள்ளைகள் அம்மென்பொருட்களின் சொற்களைத் தமிழாக்கித் தரலாம்.

நம் பொறுப்பில் விடப்பட்டவை காகிதமாயினும் கோப்பாயினும், அவற்றைக் குறித்து மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்ற அச்சத்துடன் செயல்பட வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.