மெட்ரிக்குன்னா என்ன சார்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போகிறீர்களா? பள்ளிக்கூட போர்டுகளைப் படித்துக்கொண்டே போங்கள். 'மெட்ரிகுலேஷன்' என்று கண்ணில் படும். பக்கத்து சீட்காரரிடம் அர்த்தம் கேளுங்கள். "இங்கிலீஷ் மீடியம் சார்" என்பார்.

தப்பு. லத்தீனில் மெட்ரிகுலா என்றால் பதிவேடு. பல்கலைக்கழகப் பதிவேட்டில் மாணவனாகப் பேர் ஏறுவதுதான் மெட்ரிகுலேஷன். ஆக்ஸ்ஃபோர்டில் இன்றைக்கும் அதற்கு அங்கி மாட்டி விழா எடுக்கிறார்கள். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது, உள்ளே நுழைவதற்கான பரீட்சைக்கு அந்தப் பேர். கணிதமேதை ராமானுஜன் கும்பகோணத்தில் படித்து 1903-ல் பாஸ் பண்ணியது அதைத்தான்.

பிற்பாடு, பல்கலைக்கழகங்களின் கீழிருந்த பள்ளிகளுக்கு அது பட்டப்பேர் ஆனது. எழுபதுகளின் கடைசியில் அந்தப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்தன. பல்கலைக்கழகம் போச்சு. 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு பத்தாவது வரை எல்லோருக்கும் சமச்சீர் கல்வி. தனிப் பாடத்திட்டமும் போச்சு. போர்டு மட்டும் போகவில்லை!

எல்.கே.ஜி. வாண்டு எந்தப் பல்கலைக்கழகத்தில் பேர் பதிந்தது? நைட் ஷிஃப்ட் பார்க்கும் மில் தொழிலாளி, வட்டிக்கு வாங்கி எதற்கு ஃபீஸ் கட்டுகிறார்? நல்ல வாத்தியாருக்கு என்றால் சரி. செத்துப்போன சொல்லுக்கு என்றால் அநியாயம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். வேறு ஊரில் கிண்டியதற்கு அந்தப் பேரை ஒட்டினால் கேஸ் போடலாம்.

பால்கோவாவுக்கு இருக்கிற காவல், பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டாமா?